உயிரணுவின் எல்லையை வரையும் கை

(மும்பை மாட்டுங்காவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாராவியில் தோல் வெட்டுபவரின் கத்தி, வரைந்த கோட்டை விட்டுச் சற்று விலகினாலும் சரக்கு வீணாகும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே தோல் தொழிலில் இறங்கிய குடும்பங்களுக்கு இது புதுச் செய்தி அன்று. கோட்டை விட்டு விலகாத கை இப்பொழுது கணிப்பொறித் திரையிலும் தேவைப்படுகிறது.

புற்றுநோய் ஐயத்தின்பேரில் எடுக்கப்படும் திசுவை மெல்லிய சீவலாக்கி, ஹெமட்டாக்சிலின், இயோசின் எனும் சாயங்களை ஏற்றினால், உயிரணுக்களின் உட்கருக்கள் நீலங்கலந்த ஊதாவாகவும் சுற்றுப்பகுதி இளஞ்சிவப்பாகவும் தோன்றும். உட்கருவின் பருமன், வடிவம், நெருக்கம் ஆகியவற்றைக் கொண்டே நோயின் தன்மை பெரிதும் கணிக்கப்படுகிறது. இதனைக் கணிப்பொறி கற்க வேண்டுமாயின், உட்கரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முதலில் மனிதர் காட்டித்தர வேண்டும். படத்தைப் பெரிதாக்கி, மவுஸ் கொண்டு ஒவ்வொன்றின் விளிம்பையும் சுற்றி வரைகின்றனர். கோட்டுக்குள் அடங்கும் புள்ளித் தொகுதிக்கு ‘மாஸ்க்’ என்று பெயர். ஒட்டிக் கிடக்கும் இரண்டு உட்கருக்களைச் சேர்த்து வளைத்துவிட்டால், கணிப்பொறியும் அவற்றை ஒரே பெரிய உட்கருவாகக் கற்கும். பருத்த உட்கரு புற்றுநோயின் அறிகுறிகளுள் ஒன்று. ஆதலால் இப்பிழை சிறியதன்று.

இத்துறையில் உலகெங்கும் எடுத்தாளப்படும் தொகுப்பொன்று இந்தியக் கைகளால் உருவானது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அமித் சேத்தி உள்ளிட்ட குழுவினர் 2017இல் அதனை வெளியிட்டனர். ஏழு உறுப்புகள், 30 படங்கள், 21,623 உட்கருக்கள். வரைந்தவர்கள் பொறியியல் மாணவர்கள். சரிபார்த்தவர் நோய்க்குறியியல் வல்லுநர். ஒன்றுக்கு 20 விநாடி என்று குறைவாகக் கொண்டாலும், வரைவதற்கு மட்டும் 120 மணி நேரம்! 2020இல் வெளிவந்த அடுத்த தொகுப்பில் உட்கருக்கள் 46,000க்கு மேல். இம்முறை அவற்றை நான்கு வகைகளாகப் பிரித்தும் காட்டினர்.

படங்களோ அமெரிக்கப் பொதுக் களஞ்சியத்திலிருந்து வந்தவை. சாயமேற்றும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுபடும். அங்குள்ள படங்களில் மட்டும் தேர்ந்த கருவி, பரேல் டாடா நினைவு மருத்துவமனையின் கண்ணாடித் தகட்டில் தடுமாறலாம். இங்குள்ள திசுக்களுக்கும் இத்தகைய தொகுப்புகள் பெருக வேண்டியது அவசியமாகிறது.

கூலி பற்றி ஒரு வார்த்தை. படங்களுக்கும் பிற தரவுகளுக்கும் குறியிடும் தொழிலில் 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 70,000 பேர் ஈடுபட்டிருந்ததாக நாஸ்காம் மதிப்பிட்டது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால், கடினமான நெரிசற் பகுதியே அவசரமாக முடிக்கப்படும். நோயின் தடயமோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இவ்வேலைக்கு மணிக்கணக்கில் ஊதியம் அளிப்பதே முறை. 2023க்குப் பின் வந்த புதிய மென்பொருள்கள் முதற்கோட்டைத் தாமே இழுத்துவிடுகின்றன. மனிதருக்கு எஞ்சுவது திருத்தம். திருத்துவதற்கு வரைவதைவிடக் கூடுதல் அறிவு வேண்டும். செம்பூரிலும் தாராவியிலும் உயிரியல் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்க்கு, நோய்க்குறியியல் மருத்துவரின் மேற்பார்வையில் சில மாதப் பயிற்சி அளிக்க அதிக முதலீடு தேவையில்லை. நல்ல திரை, தடையற்ற மின்சாரம், வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கக்கூடிய மருத்துவர் ஒருவர் ஆகியவை போதும். இவற்றுள் கிடைப்பதற்கு அரியவர் அந்த மருத்துவரே.