வேண்டாத பொருளும் வேண்டிய பொருளே

(தில்லியில் நமது சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"வீட்டில் வேண்டாத பொருள்களைக் கொண்டு கைவேலையும் தோட்டமும்" என்ற தலைப்பில் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் கைவேலை நிபுணன் அல்லன். பி.எஸ்ஸி. இரசாயனம் படித்துவிட்டு, மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பிறகு, பால்கனியில் மண்ணும் வாளியுமாகப் பொழுது நன்றாகவே போகிறது. அதில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கு தில்லியில் காஜிப்பூர் வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1984-ல் குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். 2002-லேயே இடம் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகும் கொட்டுவது நிற்கவில்லை. 2019-ல் அதன் உயரம் சுமார் 65 மீட்டர்; குதுப் மினாரே 73 மீட்டர்தான். 2017 செப்டம்பர் 1 அன்று அதில் ஒரு பகுதி சரிந்து, சாலையில் போன வாகனங்களைப் பக்கத்துக் கால்வாயில் தள்ளியது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். 2022-லும் 2024-லும் அந்த மலை தீப்பற்றி எரிந்ததையும், சுற்றுப்புறத்தில் இருந்தவர்கள் மூச்சுத் திணறியதையும் பத்திரிகைகளில் படித்தோம்.

குப்பை மலை ஏன் எரிகிறது? நாம் நறுக்கிப் போட்ட காய்கறித் தோலைப் பாலிதீன் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி அனுப்புகிறோம். அது மலையின் அடியில், காற்றுப் புகாத இடத்தில் கிடந்து அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. கோபர் காஸில் எரிவதும் இதே மீத்தேன்தான். அதாவது, நாம் முடிச்சுப் போட்ட ஒவ்வொரு பையும் ஒரு சிறிய கோபர் காஸ் பிளான்ட்! அதே தோல் காற்றோட்டமான இடத்தில் மக்கினால் மீத்தேன் வருவது மிகவும் குறைவு. மிஞ்சுவது நல்ல எரு. பொருள் ஒன்றுதான். அது எங்கே, எப்படி மக்குகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இனி கைவேலைக்கு வருகிறேன். "ரீசைக்கிள்" என்பது புதிய வார்த்தையாக இருக்கலாம். காரியம் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார்கள் பழைய காகிதத்தை இரண்டு நாள் ஊறவைத்து, பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைப்பார்கள். துணி போர்த்திக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அந்த விழுதை அப்பி, வெயிலில் காயவைத்துக் கூடையாக எடுப்பார்கள். வெந்தயம் எதற்கு? அதிலுள்ள கேலக்டோமன்னன் என்ற வழவழப்பான பொருள் நல்ல பசை. கசப்பினால் பூச்சியும் சுலபத்தில் அண்டாது. பாட்டி இரசாயனம் படிக்கவில்லை. ஆனால் செய்தது இரசாயனம்தான். இன்றைய செய்தித்தாளில் அச்சு மை இருப்பதால், இந்தக் கூடையில் தின்பண்டம் வைக்க வேண்டாம். நூல்கண்டு, மூக்குக் கண்ணாடி, சாவிக்கொத்து வைக்கலாம்.

பித்தளை விளக்கைப் புளிச்சக்கையால் தேய்ப்பதும் இதே வகைதான். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைத்துவிடுகிறது. நைந்துபோன பட்டுப் புடவையின் ஜரிகைக் கரை கொலுப்படிக்கு அலங்காரமாகும். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போட மனம் வராமல் அலமாரியில் அடுக்கி வைத்திருப்போம். அவற்றை வெட்டினால் மொய்க் கவர், புத்தக அடையாள அட்டை எல்லாம் கிடைக்கும். பேரன் பேத்திகளின் கையில் கத்திரிக்கோலைக் கொடுத்துவிட்டு, மேற்பார்வை மட்டும் நாம் செய்தால் போதும்.

சண்டீகர் ராக் கார்டனைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த நேக் சந்த் பெரிய சிற்பி என்று பெயர் எடுத்து வந்தவர் அல்ல. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். உடைந்த வளையல், பீங்கான், ஓடு இவற்றைச் சேகரித்து, வேலை நேரம் போகப் பல வருஷங்கள் யாருக்கும் தெரியாமல் உருவாக்கினார். 1976-ல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசு ஊழியர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கைவேலை என்ற பெயரில் புதிதாகப் பசையும் பெயின்ட்டும் மினுமினுப்புத் தாளும் வாங்கிக் குவித்தால் லாபம் ஒன்றுமில்லை. மேலும், நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழப் பாதி எடை சமையலறைக் கழிவு போன்ற மக்கும் பொருள்தான். பத்து பாட்டிலில் பூ வரைவதைவிட, ஒரு வாளியில் காய்கறித் தோலைச் சேர்ப்பதுதான் அந்த மலைக்குப் போகும் பாரத்தைக் குறைக்கும். இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இந்த வாளியைச் செய்யுங்கள்.

முறை எளிது. மூடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு. நன்றாகக் கழுவிக் காயவைத்து, அடியிலும் பக்கங்களிலும் விரல் பருமனில் துளைகள் போட வேண்டும். அடியில் ஒரு தட்டு. உள்ளே இரண்டு அங்குலம் தேங்காய் நாரோ காய்ந்த இலையோ பரப்ப வேண்டும். அன்றன்றைய காய்கறித் தோல், பழத்தோல், ஃபில்டரில் தங்கிய காப்பித் திப்பி இவற்றைப் போட்டு, அதே அளவுக்குக் காய்ந்த இலையால் மூட வேண்டும். முதல் தடவை ஒரு கரண்டி புளித்த மோரும் ஒரு பிடி தோட்டத்து மண்ணும் சேர்த்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கும். வாரம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். ஒரு வாளி நிறைந்ததும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்ததைத் தொடங்கலாம். வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் எரு தயார். தில்லிக் குளிரில் இன்னும் நாள் பிடிக்கும்.

ஒரு மாமி என்னிடம் கேட்டார்: "ஃப்ளாட்டிலே இதெல்லாம் வெச்சுண்டா நாத்தம் வராதா மாமா?" நியாயமான கேள்வி. அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே காற்று போதவில்லை என்று அர்த்தம், கிளறிவிட வேண்டும். அமோனியா நெடி வந்தால் நைட்ரஜன் அதிகம். காய்ந்த இலை சேர்க்க வேண்டும். கார்பனும் நைட்ரஜனும் சுமார் 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் வாடையே இராது. பச்சைத் தோலில் நைட்ரஜன் கூடுதல், காய்ந்த இலையில் கார்பன் கூடுதல். இரண்டும் கலந்தால் சரியாகிவிடும். பால், நெய், எண்ணெய்ப் பண்டம் மட்டும் வேண்டாம்.

"எச்சிலை வீட்டில் வைத்துக்கொள்வதா?" என்று தயங்குகிறவர்களும் உண்டு. சமைப்பதற்கு முன் நறுக்கிய தோல் எச்சிலும் அல்ல, பத்தும் அல்ல. ஆகவே ஆசாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பூஜை நிர்மால்யத்துக்குத் தனியாக ஒரு தொட்டி வைத்துக்கொள்ளலாம். கால்படாத இடத்தில் சேர்க்க வேண்டும் என்றுதானே யமுனையில் போடுகிறோம்? பாலத்தில் அடித்திருக்கும் கம்பி வலைக்கு மேலே பிளாஸ்டிக் பையோடு வீசுகிறவர்களை இன்றும் காணலாம். யமுனையில் பூஜைப் பொருள்களைப் போட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே உத்தரவிட்டது. அந்தப் பூவை மக்கவைத்துத் துளசிக்கே இட்டால், பெருமாளுக்குச் சாற்றியது பெருமாளுக்கே திரும்புகிறது. நூலையும் ஜரிகைக் காகிதத்தையும் முன்னதாகவே பிரித்துவிட வேண்டும்.

எரு கிடைத்துவிட்டது, தொட்டி வேண்டாமா? வாங்க வேண்டிய அவசியமில்லை. கொட்டாங்கச்சியின் கண்ணைத் துளைத்தால் நாற்று விடலாம். அரை லிட்டர் பால் கவரைக் கழுவி, அடி மூலைகளைக் கத்தரித்தால் நாற்றுப் பை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் கீரை வளரும். பூச்சிமருந்து வந்த டப்பா மட்டும் கூடாது.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வெட்டுங்கள். மூடியில் துளையிட்டு, பழைய வேஷ்டிக் கிழிசலைத் திரியாகச் செருகுங்கள். மேல் பாகத்தைத் தலைகீழாகக் கீழ்ப் பாகத்தில் பொருத்தி, மேலே மண்ணும் எருவும், கீழே தண்ணீரும் விட்டால் ஆயிற்று. அகலில் எண்ணெய் திரி வழியாக ஏறுகிறதே, அதே தத்துவத்தில் தண்ணீர் வேருக்கு ஏறும். பிள்ளை வீட்டுக்கு நாலு நாள் போய்விட்டு வந்தாலும் கொத்தமல்லி வாடாது. கீழ்ப் பாகத்தைச் சுற்றிக் காகிதம் ஒட்டினால் பாசி பிடிக்காது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே இடைவெளியில்லாமல் பொருத்தி, வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

அக்டோபர், நவம்பரில் கொத்தமல்லி, வெந்தயக் கீரை, பாலக் விதைக்கலாம். பிப்ரவரி கடைசியில் வெண்டை போடலாம். துளசியையும் கறிவேப்பிலையையும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உள்ளே எடுத்து வைப்பது நல்லது.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் எங்கள் அகத்தில் தினமும் அரைக் கிலோ தோல் சேருகிறது. வருஷத்துக்குச் சுமார் 180 கிலோ. நம் அங்கத்தினர்களில் நூறு குடும்பங்கள் செய்தால் 18 டன் காஜிப்பூர் போன்ற இடங்களுக்குப் போகாது. தில்லியின் கணக்கில் இது சொற்பம்தான். ஆனால் அந்த மலையின் அடிவாரத்தில் குடியிருப்பவர்கள் மேல் நம் வீட்டுப் பாரத்தை ஏற்றாமல் இருப்பது நம் கடமை.

வயதான காலத்தில் குனிந்து நிமிர முடியவில்லை என்பவர்கள், வாளியை ஒரு ஸ்டூல் மேல் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஆபீசில் நாம் எழுதிப் பழகியபடி, "பார்த்தேன், ஃபைலில் வைக்கவும்" என்று மட்டும் இந்த உரையின் மேல் எழுதிவிடாதீர்கள். நாளைக் காலைக் காப்பித் திப்பியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.