தாய்மையும் தைராய்டும்: ஆண்களே, கவனியுங்கள்!

(வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



கடையில் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது, யார் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் நோட்டைப் புரட்டாமலே சொல்லி விடுவீர்கள். வீட்டில் கர்ப்பமாக இருக்கும் மனைவிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால்? 'அதெல்லாம் உம்மா பார்த்துக்கொள்வார்கள்' என்பதுதான் பதில்! ஆண்கள் கூட்டத்தில் ஏன் இந்தப் பேச்சு என்று சிலர் நெளிவது தெரிகிறது. மருந்துக்குப் பணம் எடுத்துக் கொடுப்பது நாம்தானே? நம்மிடம்தான் பேச வேண்டும்.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்ட வேண்டும். முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு இதில் என்ன பங்கு? அது குறைவாகச் சுரந்தால் தசைகள் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதிகமாகச் சுரந்தாலோ கல்லீரல் சர்க்கரையை அள்ளி விடுகிறது. தைராய்டு குறைவுள்ள தாய்மாருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வும் ஒரே குரலில் சொல்லவில்லை. பயமுறுத்த நான் வரவில்லை. ஒன்று இருந்தால் மற்றதையும் பார்த்து விடுங்கள் என்கிறேன். களைப்பு, எடை கூடுதல், மலச்சிக்கல் எல்லாம் கர்ப்பத்திலும் வரும், தைராய்டு குறைவிலும் வரும். ரத்தப் பரிசோதனைதான் பிரித்துக் காட்டும்.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. கர்ப்பம் என்றதும், 'மாத்திரை பிள்ளைக்கு ஆகாது' என்று தைராய்டு மாத்திரையையே நிறுத்தி விடுகிறார்கள் சில வீடுகளில். எவ்வளவு பெரிய ஆபத்து! முதல் மூன்று மாதம் சிசுவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போக வேண்டும். நிறுத்துவது இருக்கட்டும், பெரும்பாலோருக்கு அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். அது டாக்டர் வேலை. வெறும் வயிற்றில் போடும் அந்த மாத்திரையோடு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. 4 மணி நேர இடைவெளி வேண்டும். இன்சுலின் ஊசி என்றாலும் பதறாதீர்கள். அது குழந்தைக்குக் கெடுதல் செய்வதில்லை. நோன்பு விஷயத்தில் கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஊசி போடும் பெண் டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம்.

பரிசோதனைக்குப் பட்டினி கிடக்க வேண்டுமே என்ற சாக்கும் செல்லாது. சென்னை டாக்டர் வீ. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறையில், சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் தடவை டாக்டரிடம் போகும்போதே பாருங்கள். சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும்.

பிரசவமானதும் ஃபைலைப் பரணில் போட்டு விடாதீர்கள். 6 வாரம் கழித்துச் சர்க்கரையை மீண்டும் பார்க்க வேண்டும். பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். தைராய்டு மாத்திரையின் அளவையும் டாக்டர் அப்போது மாற்றிக் கொடுப்பார்.