படிகளும் பேருந்தும்

காரின்றிப் பயணம் இயலுமா என்று ஐயுறுவோர் சித்தூரிலிருந்து பேருந்தேறித் திருப்பதிக்கு வரவேண்டும். 1944-ல் முதல் மலைச்சாலை திறக்கப்படும்வரை திருமலைக்கு நடந்தே ஏறினர். இயலாதோரை டோலியில் சுமந்தனர். 1974-ல் இரண்டாம் சாலை அமைந்தது. 2022 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மின்பேருந்துகளும் மலையேறுகின்றன. மலைமேல் சுற்றிவரக் கட்டணமில்லாப் பேருந்துகள் உண்டு.

ஆனால் அலிபிரியிலிருந்து செல்லும் 3,550 படிகளை மறந்துவிடலாகாது. அப்பாதையில் 2023 ஆகஸ்டில் சிறுத்தை தாக்கி ஆறு வயதுச் சிறுமி மாண்டாள். பின்னரே சிறுவர் ஏறுவதற்கு நேர வரம்பு விதிக்கப்பட்டது. சாலைக்குக் காட்டும் கவனத்தைப் படிகளுக்கும் காட்டுமாறு இங்குள்ள அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, குழந்தையோடு வாடகைக் கார் தேடும் தந்தையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.