கந்தல் துணியில் எழுதிய கதைகள்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கைவேலைக் கண்காட்சியைத் திறந்து வைத்துப் பங்குத் தந்தை ஆற்றிய உரை)





ரிப்பனை வெட்டிவிட்டு இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்று சொல்லித்தான் நம்மை அழைத்தார்கள். ஆனால் இது இரண்டு வார்த்தையில் முடிகிற செய்தி அன்று. முதலில் நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நீங்கள் வந்து நம்மிடம் சொல்வது வழக்கம். இன்று முறை மாறி நாம் உங்களிடம் சொல்கிறோம்.

மூன்று மாதங்களுக்கு முன், கன்னியர் மடத்துத் தையல் வகுப்புத் தாய்மார்கள் நம்மைப் பார்க்க வந்தார்கள். ஓய்வு நேரத்தில், பொழுதுபோக்காக, பழைய துணிகளையும் தையற்கடை வெட்டுத் துண்டுகளையும் சேர்த்துத் தாங்கள் தைத்து வைத்திருக்கும் போர்வைகளைப் பொன்விழாக் கண்காட்சியில் தொங்கவிட இடம் வேண்டும் என்று கேட்டார்கள். அப்போது உடனிருந்த விழாக் குழு அன்பர் ஒருவர், “சுவாமி, ஆயர் ஆண்டவர் வருகிற இடத்தில் கந்தலைத் தொங்கவிட்டால் நன்றாகவா இருக்கும்?” என்றார். நாமும் தலையை ஆட்டினோம். அந்தத் தாய்மார்கள் மறுத்து ஒன்றும் பேசவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சண்டை போட்டிருந்தாலாவது நாம் அன்றைக்கே யோசித்திருப்போம்.

அடுத்து வந்த முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றோம். ஒரு வீட்டில், கட்டிலில் படுத்திருந்த பாட்டி ஒருவரின் மேல் இப்படிப்பட்ட போர்வை ஒன்று கிடந்தது. நன்மை வாங்கிச் செபம் சொல்லி முடித்ததும், அவர் நம் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். “இது எங்க வீட்டுக்காரரு கடைசியா கட்டுன வேட்டிக்கரை, சாமி. இது மூத்தவ ஞானஸ்நானத்துக்குத் தச்ச கவுனு. இந்தச் செவப்பு, பூசைக்கு உதவுற பசங்களுக்கு அங்கி தச்சப்போ மிஞ்சுனது” என்று ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். நமது திருவுடை அறையிலிருந்து போன துணி அது! நாம் குப்பை என்று எடுத்துப்போகச் சொன்னதுதான். அன்று அடுத்த வீடுகளுக்கு நாம் தாமதமாகப் போனோம். காத்திருந்த நோயாளிகளிடம் அதற்காக மன்னிப்பும் கேட்டோம். மாலையில் விழாக் குழுவைக் கூட்டி, இம்மண்டபத்தின் நடுச்சுவர் முழுவதையும் அத்தாய்மார்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னோம்.

அதன் பிறகுதான் இந்தக் கலையைப் பற்றிச் சற்றே படிக்கலானோம். படிக்கப் படிக்க நம் அறியாமை நமக்கு விளங்கியது.

ஆங்கிலத்தில் இதனைக் ‘கில்ட்’ என்பார்கள். துண்டுகளை இணைத்துத் தைத்த முகப்பு மேலே, நடுவே பஞ்சு, அடியில் ஒரு முழுத் துணி. இம்மூன்று அடுக்குகளையும் ஊடுருவிச் சிறு சிறு ஓட்டத் தையல் போகும். பார்ப்பவர் கண்ணுக்கு வண்ணத் துண்டுகள்தான் முதலில் தெரியும். ஆனால் போர்வையைப் போர்வையாக வைத்திருப்பது அந்தத் தையலே. அது இல்லையேல் பஞ்சு ஒரு மூலையில் போய்த் திரண்டுவிடும். அமெரிக்க நாட்டில் இது குடியானவர் வீட்டுக் குளிருக்கான தேவையாக வளர்ந்து, பின்னர் பெரும் பொழுதுபோக்குக் கலையாயிற்று. துண்டுகளை அடுக்கும் மாதிரிகளுக்கு அங்குள்ள பெண்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ‘யாக்கோபின் ஏணி’ என்று ஒன்று. ‘முள்முடி’ என்று ஒன்று. கோணி வளைந்து செல்லும் ஒன்றுக்குக் ‘குடிகாரன் பாதை’ என்று பெயர். ‘பேதுருவிடம் பறித்துப் பவுலுக்குக் கொடுப்பது’ என்றும் ஒரு மாதிரி இருக்கிறது. பங்குக் கணக்கு எழுதுகிற நமக்கு அந்தப் பெயரின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தக் கலையில் நம் உள்ளத்தைப் பெரிதும் தொட்டவர் ஹேரியட் பவர்ஸ் என்னும் அம்மையார். 1837-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண். விடுதலைக்குப் பின் கணவரோடு சிறு நிலத்தில் பாடுபட்டுப் பிழைத்தவர். 1886-ஆம் ஆண்டு ஆத்தென்ஸ் நகரில் நடந்த பருத்திச் சந்தைக் கண்காட்சியில் அவர் ஒரு போர்வையை வைத்தார். ஏறத்தாழ ஆறடிக்கு ஏழரையடி. அதில் பதினொரு கட்டங்கள். ஆதாமும் ஏவாளும், காயின் ஆபேலைக் கொல்வது, யாக்கோபின் கனவு, ஆண்டவரின் ஞானஸ்நானம், கடைசி இராவுணவு, முப்பது வெள்ளிக் காசோடு யூதாஸ், சிலுவைப்பாடு, இறுதியில் திருக்குடும்பம். எல்லாம் வெட்டி ஒட்டித் தைத்த துணி உருவங்கள். விவிலியத்தை அவர் தம் கண்ணால் கண்டவாறே ஊசியால் சொல்லிவிட்டார்.

அந்நகரின் பெண்கள் கல்விக்கூடம் ஒன்றில் ஓவியம் கற்பித்த ஜென்னி ஸ்மித் என்பவர் அதைக் கண்டு, விலைக்குத் தருமாறு கேட்டார். ஹேரியட் மறுத்துவிட்டார். என்ன விலை கொடுத்தாலும் தர மனமில்லை. சில ஆண்டுகள் சென்றன. குடும்பத்தில் வறுமை நெருக்கியது. மாட்டுவண்டியில் ஏறி, போர்வையைச் சுத்தமான மாவுச் சாக்கில் சுற்றி, அதன்மேல் இன்னொரு சாக்கையும் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆசிரியையின் வீட்டுக்கு வந்தார். பத்து டாலர் கேட்டார். ஐந்து டாலர்தான் இருக்கிறது என்றார் ஆசிரியை. கணவரோடு கலந்து பேசி ஐந்துக்கே கொடுத்துவிட்டார். ஆனால் கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விரித்துச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். பிறகும் பல முறை, தம் போர்வையைப் பார்ப்பதற்கென்றே அந்த வீட்டுக்கு வந்து போனாராம். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்த தாய் எட்டிப் பார்க்க வருவது போல!

இன்று அந்தப் போர்வை வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1969-இல் அங்கே வந்து சேர்ந்தது. பதினைந்து கட்டங்களுள்ள இரண்டாவது போர்வை ஒன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் யோபுவும் யோனாவும் வருவதோடு, 1780-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் பட்டப்பகலில் இருள் கவிந்ததும், 1833 நவம்பர் 13-ஆம் நாள் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழைபோல் கொட்டியதும் வருகின்றன. இரண்டும் அவர் பிறக்கு முன் நடந்தவை. பெரியவர்கள் வாய்வழிச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்துத் துணியில் தைத்திருக்கிறார். இவ்வம்மையார் எழுத்தறியாதவர் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 1896-இல் அவர் எழுதிய கடிதம் ஒன்றின் செய்தி பின்னர் வெளிப்பட்டபோதுதான், அவருக்கு எழுதவும் படிக்கவும் தெரியும் என்பது உலகுக்குத் தெரிந்தது. ஏழைப் பெண் என்றால் எழுத்தறியாதவளாகத்தான் இருப்பாள் என்று நாம் எவ்வளவு எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம்!

அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். மூன்று புறமும் ஆறு. அடிமைகளின் வழிவந்த மக்கள் அங்கு வாழ்கிறார்கள். கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டுக் கிளம்பிய காலத்தில், 1962-இல், அவ்வூரின் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். திரும்ப வந்தது 2006-இல்தான். அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலைத் துணிகளையும் மாவு மூட்டைத் துணிகளையும் கொண்டு தைத்த போர்வைகள், 2002-இல் ஹூஸ்டன் நகரிலும் நியூயார்க் நகரிலும் பெரிய அருங்காட்சியகங்களின் சுவரில் ஏறின. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாகவும் வெளியிட்டது. அவ்வூரின் மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண்மணி, கணவர் இறந்தபின், 1942-இல், அவர் வயலில் உடுத்திய பழைய துணிகளைக் கிழித்து மகளோடு சேர்ந்து ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும், வெயிலில் வெளுத்த இடமும் அப்படியே தெரியும். கணவரை நினைத்துக்கொண்டு அதன்கீழ் உறங்குவதற்காகத் தைத்தது அது. நாம் நடத்தி வைத்த அடக்கப் பூசைகள் பல. இறந்தவரின் துணிகளை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறோம். இனி இதையும் சேர்த்துச் சொல்லலாம் போலிருக்கிறது.

புகழ் வந்தபின் அங்கே வழக்கும் வந்தது. தங்கள் போர்வைகளாலும் அவற்றின் வடிவங்களாலும் வந்த வருவாயில் தங்களுக்கு உரிய பங்கு சேரவில்லை என்று 2007-இல் சில பெண்கள் நீதிமன்றம் சென்றார்கள். அடுத்த ஆண்டு சமரசமாக முடிந்தது. ஐந்து டாலர் கதை ஒரு நூற்றாண்டு கழித்தும் முற்றிலும் தீரவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

கடல் கடந்து போவானேன் என்பவர்களுக்கு, நம் பக்கத்து மாநிலத்தையே காட்டுகிறோம். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஹளியாள், எல்லாப்பூர் பகுதிக் காடுகளை அடுத்து, சித்திகள் என்னும் மக்கள் வாழ்கின்றனர். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கும் மற்றத் துறைமுகங்களுக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. அவர்களின் போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். ஓரத்தில் ஒரு மூலையில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்து முக்கோணமாகப் ‘பூ’ வைப்பார்கள். பூ வைக்காத கவந்தி உடுத்தாத உடம்பு போன்றது என்பது அவர்கள் எண்ணம். கத்தோலிக்க வீட்டுக் கவந்திகளில் சிலுவையும், முஸ்லிம் வீட்டுக் கவந்திகளில் பிறையும் வருவதுண்டு. தையல் ஒன்றே!

இப்போது, அந்த மேசைமேல் வைத்திருக்கும் சிறு போர்வைகளைப் பற்றி. வந்ததிலிருந்து பிள்ளைகள் அவற்றைப் பொம்மைக்கு என்று எண்ணித் தூக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து தாய்மார்கள் கவனித்துக்கொள்ளவும். சிறியதுதானே, எளிதாக இருக்கும் என்று நாமும் நினைத்தோம். தைத்த பெண் ஒருவர் நம்மை உட்காரவைத்துக் கணக்குக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு துண்டின் நான்கு ஓரத்திலும் தையலுக்காகக் கால் அங்குலம் விட வேண்டும். முடிந்தபின் அரை அங்குலச் சதுரம் தெரிய வேண்டுமென்றால், ஒரு அங்குலச் சதுரம் வெட்ட வேண்டும். அப்படியானால் கண்ணுக்குத் தெரிவது துணியில் நான்கில் ஒரு பங்குதான்! மீதி மூன்று பங்கும் தையலுக்குள்ளே மறைந்து போகிறது. பெரிய போர்வையில் ஒரு நூல் விலகினால் யாரும் பார்க்க மாட்டார்கள். இதில் விலகினால் நட்சத்திரத்தின் முனையே காணாமல் போய்விடும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் போர்வைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1991-இல் திறக்கப்பட்டிருக்கிறது. அங்கே இத்தகைய சிறு போர்வைகளுக்கும் தனித் தொகுப்பு உண்டு. நமது மேசைமேல் இருப்பவற்றில் உள்ளங்கை அகலத்தில் ஒன்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தோம்; எண்பத்தொரு துண்டுகள். அதைத் தைத்தவர் பகலெல்லாம் பனியன் கம்பெனியில் வேலை செய்துவிட்டு வருகிறவர்.

இரண்டு செய்திகள் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறோம். போர்வைகளை வாங்க விரும்புவோர் விழாக் குழுவிடம் விலை கேட்க வேண்டாம். தைத்தவரிடமே கேளுங்கள். அவர் சொல்லுகிற விலையைக் கொடுங்கள். பங்குக் கோவிலுக்கென்று அதில் எவ்விதப் பிடித்தமும் இல்லை. விற்க மனமில்லை என்று சொன்னால், வற்புறுத்தாதீர்கள்.

ஒவ்வொரு போர்வையின் கீழும் தைத்தவர் பெயரை அட்டையில் எழுதிக் குத்தியிருக்கிறோம். நான்கு போர்வைகளில் மட்டும் அட்டை வெறுமையாக இருக்கிறது. “பேரெல்லாம் எதுக்கு, சாமி” என்று சொல்லிவிட்டார்கள். அந்த நால்வரும் இப்போது இங்கே பின்வரிசையில்தான் இருக்கிறார்கள். நமக்குத் தெரியும். பேனா மேசைமேல் இருக்கிறது. ஆயர் ஆண்டவர் நாளை காலை ஒன்பது மணிக்கு வருகிறார். அதற்குள் வந்து எழுதிவிட வேண்டும்.

முதலில் சொன்ன அந்தப் பாட்டியின் போர்வை எங்கே என்று சிலர் கேட்டீர்கள். நாமே போய்க் கேட்டோம். “குளிருது, சாமி. மழைக்காலம் முடியட்டும், தாரேன்” என்று சொல்லிவிட்டார்.