தங்கவயலில் ஒரு நாள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நான் பொன்னைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அண்மையில் ஒருநாள், எவ்வித அவசரமுமின்றிக் கோலார் தங்கவயலைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அன்று கண்டவற்றையும் எண்ணியவற்றையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

காலையில் பங்காரப்பேட்டையில் சிறிய இரயிலில் ஏறினேன். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாரிக்குப்பத்தில் பாதை முடிந்தது. எதிர்த் திசையில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தனர். ஒரு காலத்தில் வேலை தேடி மக்கள் வந்து குவிந்த ஊரிலிருந்து, இன்று வேலை தேடி மக்கள் வெளியே செல்கின்றனர். அன்று என் கண்ணில் பட்ட முதற்காட்சி இதுவே.

1802-இல் வாரன் என்னும், ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய அதிகாரி இப்பகுதி மக்கள் மண்ணை அலசிப் பொன்னெடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அக்குறிப்பைப் படித்த லவேல் என்னும் படைவீரர் 1870-களில் இங்கு வந்து, தோண்டுவதற்கு உரிமம் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின் பெருஞ்சுரங்கங்கள் எழுந்தன. ஆழக் குழியில் இறங்குவதற்கு ஆட்கள் வேண்டுமல்லவா? வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழரே பெருமளவில் இறங்கினர். அவர்களுள் மிகப் பலர் பண்ணையடிமைத்தனத்தையும் பஞ்சத்தையும் விட்டு வெளியேறிய நம் மக்கள்.

நடந்து செல்கையில் சுரங்க வாயிலின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களைக் கண்டேன். தொழிலாளரைக் கூண்டில் ஏற்றி இறக்கிய சக்கரங்கள் அசைவற்று நின்றன. அக்குழிகளின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் அதிகம். ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கிடைப்பது சில கிராம் பொன். அப்படியிருந்தும் ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பொன் சுமார் 800 டன் என்பர். அரைத்த பாறையின் கழிவு சயனைடு மண்மேடுகளாகக் குன்றுபோல் குவிந்து கிடக்கிறது. பொன் போய்விட்டது, கழிவு மட்டும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு எஞ்சியது. பாறை வெடிப்பில் மாண்டோரையும், கல்தூசியால் நுரையீரல் கெட்டோரையும் அம்மேடுகளைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டேன்.

நண்பகலில் அதிகாரிகள் வாழ்ந்த பங்களாக்களையும், அவர்தம் கிளப்பையும், பின்னர்த் தொழிலாளர் லயன்களையும் பார்த்தேன். இரண்டிற்கும் இடையே நடந்தால் சிறிது தூரந்தான். வாழ்க்கையிலோ அது பெருந்தூரம். சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் இவ்வூருக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் நகருக்கு அது வந்ததோ 1905-இல்தான். ஆயினும் முதலில் அது வந்தது இயந்திரங்களுக்காக என்பதை மறந்துவிடலாகாது.

இளைஞர்களே! அன்று நான் கண்டவற்றுள் என் மனத்தைப் பெரிதும் நிறைத்தவை பௌத்தச் சங்கத்தின் நினைவுகளே. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்கு இங்கே பெரும் ஆதரவு இருந்தது. முதலில் அதன் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையும் ஒரு பைசாதான். பண்டிதர் 1914-இல் மறைந்தார். பின்னர் 1920-களில், அப்பாதுரையார் ஆசிரியராக இருக்க, அவ்விதழ் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. குழியில் பாறை உடைத்தவர்கள் தம் கூலியிலிருந்து காசு கொடுத்து அறிவை வளர்த்தனர். 1930-இல் தங்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்வதை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். படிக்கத் தொடங்கியவன் குனிந்திருக்க மறுக்கிறான்.

இன்னொரு செய்தியையும் கூறவேண்டும். வானிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. பிற கதிர்களைப் பாறையால் தடுத்து, இத்துகளை மட்டும் கண்டறிய மிக ஆழமான இடம் தேவை. 1965-இல் இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிவியலார் இதே சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து இதைக் கண்டறிந்தனர். நம்மவர் தோண்டிய குழியில் நின்று பிறர் விண்ணை ஆராய்ந்தனர். அதில் குற்றமில்லை, அறிவு யாவர்க்கும் பொது. ஆனால் அந்தக் குழியைத் தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கருவியின் அருகே நிற்பது எப்போது? இக்கேள்வியோடுதான் மாலை இரயிலில் திரும்பினேன்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவற்றுள் நீர் நிரம்பிக் கிடக்கிறது. வேலை தந்த நிலம் ஒருநாள் கைவிடும்; கற்ற கல்வியை யாரும் மூட முடியாது. கணக்கும் அறிவியலும் நமக்கு வாரா என்று ஒதுங்கும் மாணவர்களே, அவ்வெண்ணத்தை இன்றே விட்டொழியுங்கள். சங்கம் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது. உறுப்பினர்களே, படிப்பை நிறுத்திய பிள்ளை நம் தெருவில் ஒருவன் இருந்தாலும், அவன் வீட்டு வாயிலில் போய் நில்லுங்கள். நம் முன்னோர் பிறர்க்காகப் பொன் தோண்டினர். நாம் நமக்காகக் கல்வியைத் தோண்டி எடுப்போம்.