மருந்து தோற்கும் காலமும் ஆய்வாளர் தங்கும் காலமும்



இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகளில், பெண்களிடையே தைராய்டுப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படும் இடங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. இதைச் சொன்னதும் பலர் கொல்லம் கடற்கரையின் கதிரியக்க மோனசைட் மணலைக் கைகாட்டுவார்கள். ஆனால் திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யின் ஆய்வாளர்கள் அந்தக் கடற்கரையின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட முடிவு, மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. கழுத்தை ஸ்கேன் செய்வது பெருகியதே முதற்காரணம் என்று எண்ணுகிறவர்களில் நானும் ஒருவன். அப்படிச் சிக்கும் சின்னஞ்சிறு பாப்பிலரிக் கட்டிகள் பெரும்பாலும் யார் உயிரையும் எடுப்பதில்லை. ‘தைராய்டுதானே, பயப்படாதே’ என்று உறவினர் தேற்றுவதிலும் நியாயம் இருக்கிறது.

அந்தத் தேறுதல் பொய்த்துப்போகும் சிலரைப் பற்றியும், அவர்களுக்காக ஆய்வு செய்ய வரும் இளையவர்களைப் பற்றியும்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தைராய்டு உயிரணுவின் மேற்சவ்வில் ஒரு புரதம் உண்டு. ரத்தத்திலிருந்து அயோடினை உள்ளே இழுப்பது அதன் வேலை. அதற்குரிய மரபணுவை 1996-இல் நான்சி கராஸ்கோவின் குழு கண்டறிந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே மருத்துவர்கள் அந்த வாசலைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். நோயாளி கதிரியக்க அயோடினை விழுங்குகிறார். உடலில் எங்கு பரவியிருந்தாலும் தைராய்டுப் புற்றணு அதைத் தானே இழுத்துக்கொண்டு சாகிறது. ஆனால் பி-ராஃப் என்னும் மரபணு பிறழ்ந்த கட்டிகளில் உயிரணு தன் குலத்தொழிலை மறந்து, அந்தப் புரதத்தைச் செய்வதையே குறைத்துவிடுகிறது. ‘அயோடின் எடுக்கலை’ என்று மருத்துவர் சொல்வது இதைத்தான்.

அதன்பின் மாத்திரைகள். மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் பி-ராஃபைத் தடுத்த மருந்து நன்றாக வேலை செய்தது. தைராய்டு உயிரணுவில் அதே மருந்தைக் கொடுத்தால், அது ஹெர்-3 என்ற வேறு வழியைத் திறந்துகொண்டு பிழைக்கிறது. ஜேம்ஸ் ஃபேகினின் குழு 2013-இல் காட்டியது இது. மிகக் கொடிய அனாபிளாஸ்டிக் வகையில், பி-ராஃப் பிறழ்வு இருந்தால், டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் இரண்டையும் சேர்த்துத் தர 2018-இல் அமெரிக்கா அனுமதித்தது. கட்டி சுருங்குகிறது, பிறகு திரும்புகிறது. திரும்பிய கட்டிகள் சிலவற்றில் முன்பு இல்லாத, ராஸ் என்னும் மரபணுவின் பிறழ்வு முளைத்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? அதே நோயாளியின் இரண்டு திசுக்கள்: மருந்துக்கு முன் ஒன்று, மருந்து தோற்றபின் ஒன்று. ஆய்வகக் குடுவையில் வளரும் உயிரணுக்கள் மட்டும் போதா. 2008-இல் தைராய்டு ஆய்வகங்கள் நம்பிப் பயன்படுத்திய 40 உயிரணு வரிசைகளின் டி.என்.ஏ.வைச் சோதித்தபோது, தனித்தன்மை உள்ளவை 23 மட்டுமே என்று தெரிந்தது. அனாபிளாஸ்டிக் தைராய்டு என்று பலரும் வளர்த்துவந்த ஒன்று பெருங்குடல் புற்றணு!

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. அயோடின் எடுக்காத நோயாளிகளுக்கு லென்வாட்டினிப் என்ற மருந்தைத் தந்த பெரிய சோதனையில், நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 18.3 மாதம், மருந்தில்லாக் குழுவில் 3.6 மாதம். முனைவர் பட்டம் முடித்தவருக்கு நம் நாட்டில் தரப்படும் என்-பி.டி.எஃப். உதவித்தொகையின் காலம் இரண்டு ஆண்டு. நெறிக்குழு அனுமதி, வேதிப்பொருள் கொள்முதல், கருவிக்குக் காத்திருத்தல் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். நோய் மீண்டும் தலைதூக்கி, இரண்டாம் திசு கிடைக்கும் நேரத்தில் ஆய்வாளர் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார். அனாபிளாஸ்டிக்கில் நிலைமை நேர்மாறு. பலர் சில மாதங்களே வாழ்கிறார்கள். அனுமதிக் கடிதம் வருவதற்குள் நோயாளி இருப்பதில்லை.

ஆகவே ஆளை மட்டும் பயிற்றுவித்தால் போதாது என்பது என் கருத்து. திசு வங்கியும் ஒப்புதல் படிவமும் ஆய்வாளர் வருவதற்கு முன்பே தயாராக இருக்கவேண்டும்; அவர் போனபிறகும் தொடரவேண்டும். முதல் அறுவைசிகிச்சையின்போதே, ‘பிற்காலத்தில் இன்னொரு மாதிரி கேட்கலாமா’ என்று நோயாளியிடம் கேட்டுவைக்கலாம். ஊசியால் திசு எடுக்க முடியாத இடத்துக் கட்டி என்றால், ஒவ்வொரு வருகையிலும் சிறிது ரத்தம் சேமிக்கலாம். அதில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. ஓரளவு விவரம் தரும். புதிதாகச் சேரும் ஆய்வாளர் முதல் மாதங்களை ஆய்வகத்தில் கழிக்காமல், அணு மருத்துவப் பிரிவின் வெளிநோயாளர் வரிசைக்கு அருகே கழிக்கட்டும். அயோடின் எடுக்காதவர் யார், எத்தனை நாளாக என்று அங்கேதான் தெரியும். மூலக்கூறு ஆய்வுக்கு ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் ஆர்.சி.சி. உள்ள திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. சென்னையிலோ மும்பையிலோ இருப்பவர்கள்கூட இந்த அருகாமையைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

இன்னொன்று. குமரி மாவட்டத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஆர்.சி.சி.க்கு வருகிறவர்கள், மருந்து கேட்கவில்லை என்று தெரிந்ததும் பல வேளைகளில் ஊரோடு நின்றுவிடுகிறார்கள். ஆய்வுக்கு இன்றியமையாத இரண்டாம் மாதிரி அவர்களோடு நின்றுவிடுகிறது. இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு எனக்குப் பின் பேச வருபவருக்குப் பொன்னாடையும் பரிசும் வேண்டாம். அந்தத் தொகையை நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச்செலவாக ஒதுக்குங்கள். மாதிரி தர மறுத்தாலும் மருத்துவரைப் பார்க்க வருகிறவருக்கு அந்தப் பணம் கிடைக்கவேண்டும். அந்த நிபந்தனையை எழுத்தில் வைத்தால் நெறிக்குழுவும் ஏற்கும்.