தொட்டிப் பூச்சில் விரிசலைத் தடுக்கும் இழைகள்



மண் சுவர் வைக்கும்போது சேற்றில் வைக்கோலைப் போட்டு மிதிப்பது நம் வழக்கம். மண் காயும்போது சுவர் வெடிக்காமல் வைக்கோல் பிடித்துக்கொள்ளும். இதே வேலையைச் சிமெண்டுப் பூச்சில் செய்யச் செயற்கை இழைகள் கிடைக்கின்றன. தண்ணீர்த் தொட்டியோ வாய்க்காலோ கட்டவிருப்போர் இதை அறிந்துகொள்வது நல்லது.

பூசிய முதல் நாளிலேயே வெயிலும் காற்றும் பூச்சின் ஈரத்தை இழுத்துவிடுகின்றன. பூச்சு சுருங்குகிறது. அந்த நேரத்தில் அதற்கு வலு போதாததால் மெல்லிய வெடிப்புகள் விழுகின்றன. நாளடைவில் அவற்றின் வழியே தண்ணீர் கசியும். மின்சாரம் உள்ள நேரம் பார்த்து இறைத்துச் சேர்த்த தண்ணீர் வீணாகும். கலவை முழுவதும் பரவியுள்ள இழைகள், வெடிப்பு அகலமாகாமல் இரு பக்கத்தையும் பற்றிக்கொள்கின்றன.

இதற்குப் பாலிபுரோப்பிலீன் இழை ஏற்றது. அது துருப்பிடிக்காது, சிமெண்டின் காரமும் அதை அரிக்காது. தென்னை நார் அந்தக் காரத்தில் நாளடைவில் நலிந்துவிடும். பழைய உரச் சாக்கைப் பிரித்து நறுக்கிப் போடுவதும் வேண்டாம். வெயிலில் நைந்த இழைக்கு வலு இராது. பூச்சுக்கு 6 மில்லிமீட்டர் நீள இழையும், கான்கிரீட்டுக்கு 12 மில்லிமீட்டர் இழையும் பயன்படுத்துவது வழக்கம். 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு 125 கிராம் போதும்.

தொட்டியின் உட்பூச்சுக்கு 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு சலித்த மணல் சேருங்கள். இரண்டையும் உலர்வாகக் கலந்த பின், இழைகளை உதிர்த்துச் சிறிது சிறிதாகத் தூவிப் புரட்டுங்கள். மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டும். பிறகே தண்ணீர் விடவேண்டும். இழை சேர்ந்த கலவை சற்று இறுக்கமாகத் தோன்றும். அதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் பூச்சின் வலு குறையும். இழைக்குச் செய்த செலவும் வீண். கொத்தனாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு செய்திகளை மறக்கவேண்டாம். இழை போட்டோம் என்று தொட்டிச் சுவரில் கம்பியைக் குறைக்கக் கூடாது. பாரத்தைத் தாங்குவது கம்பிதான். அடுத்தது, பூச்சு இறுகிய மறுநாள் முதல் குறைந்தது 10 நாட்கள் ஈரச் சாக்குப் போர்த்தித் தண்ணீர் தெளித்து வரவேண்டும். அடித்தளம் இறங்கிப் பிளந்த தொட்டியை எந்த இழையும் காப்பாற்றாது. ஆகவே கெட்டியான தரை பார்த்துக் கட்டுங்கள்.

சிறு செலவில் இம்முறையைக் கையாண்டு, இறைத்த நீரைக் காத்துப் பயனடையுங்கள்.